அரைக் கோட்டின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நடுவில் கணக்கு வரும். பயப்படுகிறவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். அங்கே உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு சுருளிப்பட்டிக்கு வந்திருந்தான். பரணில் எதையோ தேடப்போய், ஒரு பிஸ்கட் டப்பாவோடு கீழே இறங்கினான். உள்ளே அவனுடைய பழைய மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம், இரண்டு கேசட்டுகள், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. 1994ல் அவனுடைய சின்ன மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. 1997ல், பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரத்தில், அதை டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றியவன் நான். பரீட்சை முடிந்ததும் தருகிறேன் என்று சொன்னேன். தரவில்லை. அவனும் கேட்கவில்லை. 27 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆச்சரியம், மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடத்தில் இருக்கும் 43 அங்குல டிவியில் மஞ்சள் வயரைச் செருகினான். மேரியோ வந்தார். ஆனால் தண்ணீரில் ஊறிய பஞ்சாங்க அட்டை மாதிரி வந்தார். ஆள் குட்டையாகப் பக்கவாட்டில் அகன்றிருந்தார். ஓரமெல்லாம் கலங்கல். பொத்தானை அழுத்தி ஒரு நொடி யோசித்த பிறகே குதித்தார், பள்ளத்தில் விழுந்தார். துப்பாக்கியால் வாத்தைச் சுட்டால் ஒன்றுகூட விழவில்லை. ஒன்பது வயதுப் பேரன், "இதையாப்பா அவ்வளவு பெருமையாச் சொன்னீங்க?" என்றான். மகன் பதில் சொல்லாமல் வயரைச் சுருட்டி வைத்துவிட்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொருளை 27 வருடம் பத்திரமாக வைத்திருந்தும் என்ன பயன்?

இயற்பியல் வாத்தியார் இல்லையா, விடமுடியவில்லை. கம்பத்தில் இருக்கும் என் பழைய மாணவரைப் பார்க்கப் போனேன். 20 வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவர், இப்போது கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "சார், கேம் நல்லாத்தான் இருக்கு. அது அனுப்புற படத்துல அரைக் கோடு கிடையாது. புது டிவி அது இருக்குன்னு நினைச்சுக்குது" என்றார். அந்த அரைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய குழாய் டிவியின் மூதாதை, ஜெர்மனியில் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897ல் செய்த குழாய். பின்னாலிருந்து எலக்ட்ரான் கற்றை பாய்ந்து, கண்ணாடியின் உட்பூச்சில் கோடு கோடாக ஒளியை எழுதும். நாம் உழுகிற மாதிரிதான், ஒரு சால் முடிந்ததும் அடுத்த சால். இந்தியாவில் டெல்லியில் 1959ல் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைக்கு 1975ல் வந்தது. 1982ல், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருடம், வண்ணம் வந்தது. நாம் எடுத்துக்கொண்டது 'பால்' முறை: ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். அமெரிக்காவும் ஜப்பானும் வைத்திருந்தது 525 கோட்டு முறை.

நம் பள்ளத்தாக்குக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் வந்தது. சுற்றிலும் மலை. கூரைமேல் ஏறி ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பிக்கொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கத்திய தலைமுறை நாம். டயனோரா, சாலிடேர் என்று மெட்ராஸ் கம்பெனிப் பெட்டிகள் வீட்டுக்குள் வந்த காலம் அது.

இனிக் கணக்கு. நொடிக்கு 25 படம் என்றால் கண்ணுக்குச் சிமிட்டல் தெரியும். அதனால் ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு அவற்றின் இடைவெளியில் இரட்டைப்படைக் கோடுகள். நொடிக்கு 50 பாதி. 625ஐ இரண்டால் வகுத்தால் 312½. அந்த அரைதான் சூட்சுமம். பாதிப் படம் அரைக் கோட்டில் முடிவதால், அடுத்த பாதி தானாகவே அரைக் கோடு தள்ளி இறங்கி இடைவெளியில் உட்காருகிறது. இதற்கென்று தனியாக ஒரு கருவி தேவைப்படவில்லை. எவ்வளவு அழகான கணக்கு! வகுப்பில் இதை நடத்தாமல் ஓய்வு பெற்றுவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது.

1983 ஜூலை 15ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'பேமிலி கம்ப்யூட்டர்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா. அதன் படம் 256 புள்ளி அகலம், 240 கோடு உயரம், அவ்வளவுதான். அதன் நகலாகத் தைவானில் செய்ததுதான் மைக்ரோ ஜீனியஸ். நம் ஊரில் சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களிலும் அதே வகைப் பெட்டிகள் வந்தன. சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். சிங்கப்பூரும் பால் முறை நாடு என்பதால் நம் வீட்டில் வண்ணம் வந்தது. அமெரிக்காவிலிருந்து பெட்டி கொண்டுவந்தவர்கள் வீட்டில் மேரியோ கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடினார்.

இந்தப் பெட்டிகள் செய்த தந்திரம், அந்த அரையை வெட்டிவிட்டதுதான். நம் ஊர் வகை 312 முழுக் கோடுகளை அனுப்பியது. அரை இல்லாததால் எல்லாப் பாதியும் ஒரே இடத்தில் விழுந்தன. நடுங்காத படம், கோடுகளுக்கிடையே மெல்லிய கருப்பு. அந்தக் கருப்பு இடைவெளிதான் மேரியோவைச் செதுக்கிய மாதிரி காட்டியது. குழாய் டிவிக்கு மூளை கிடையாது, வந்ததை வரைந்தது. புது டிவிக்கு மூளை உண்டு. அதுதான் சங்கடம். வருவது ஒவ்வொன்றும் தூர்தர்ஷன் மாதிரி பாதிப் படம் என்று எண்ணி, முன்னதையும் பின்னதையும் சேர்த்து ஒட்டப் பார்க்கிறது. ஒட்டுவதற்குக் காத்திருப்பதால் தாமதம். வெவ்வேறு நேரத்துப் படங்கள் ஒட்டப்படுவதால் கலங்கல். போதாக்குறைக்கு, நிறமும் வெளிச்சமும் ஒரே மஞ்சள் வயரில் கலந்து வருகின்றன. அதைப் பிரிக்கும்போது ஓரங்களில் எறும்பு ஊர்கிறது. 4:3 படத்தை 16:9க்கு இழுப்பதால்தான் மேரியோவுக்குத் தொப்பை.

இன்னொன்றும் தெரிந்தது. ஜப்பானில் நொடிக்கு 60 படமாக ஓட எழுதிய ஆட்டங்கள் நம் பெட்டியில் 50ஆக ஓடின. அதாவது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைவு. "யூடியூப்ல மேரியோ பாட்டு ஏன்பா இவ்வளவு வேகமா இருக்கு?" என்று மகன் ஒருமுறை கேட்டான். அவர்கள் வேகமில்லை, நாம்தான் மெதுவாக வளர்ந்திருக்கிறோம்.

சரி, வழி என்ன? செலவில்லாத வழி முதலில். டிவியில் பட அளவை 4:3 ஆக்குங்கள். 'கேம் மோடு' போடுங்கள். ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணையுங்கள். பாதி நோய் தீரும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் மாற்றிப் பெட்டியை வாங்காதீர்கள். நான் வாங்கிவிட்டேன், அதுவும் அதே தவறைத்தான் செய்கிறது. பின்லாந்துக்காரர் ஒருவர் வடிவமைத்த ஓஎஸ்எஸ்சி என்ற கருவி பெயர்பெற்றது, ஆனால் அதில் மஞ்சள் வயருக்கு இடமில்லை. நம் பெட்டிக்குள் இருக்கும் சில்லு மஞ்சள் வயருக்கான படத்தையே நேரடியாக உருவாக்குவதால், உள்ளே கை வைக்காமல் வேறு வயருக்கு மாறவும் முடியாது. ரெட்ரோடிங்க் என்ற கருவிகளில் மஞ்சள் வயர் செருகலாம். அவை 240 கோட்டை 240 என்றே புரிந்துகொண்டு பெருக்கித் தருகின்றன. 240ஐ 9ஆல் பெருக்கினால் 2160, இன்றைய 4கே டிவியின் உயரம் மிச்சமில்லாமல் வந்துவிடும். 1080க்கோ நாலரை மடங்கு. மறுபடியும் ஒரு அரை! விலையைப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் செலவோடு என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியே வாங்கினாலும் துப்பாக்கி சுடாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிமுனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைச் சரியாக அந்தக் கணத்தில் பார்க்க வேண்டும். புது டிவி தாமதித்துக் காட்டுவதற்குள் ஆட்டம் "தப்பிவிட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறது. வாத்துக்குக் குழாய்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் குழாய் டிவியை மூன்று வருடத்துக்கு முன் பழைய இரும்புக்காரருக்கு 150 ரூபாய்க்குப் போட்டேன். செம்புக் கம்பிக்காக அவர் வாசலிலேயே அதன் கழுத்தை உடைத்தார். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு என்று தெரிந்த நானே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அக்கா வீட்டுத் திராட்சைத் தோட்டம் ஞாபகம் வந்தது. 2006ல் தொடங்கிய அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் 14 அங்குலப் பெட்டி போனதே, அதில் ஒன்று மோட்டார் அறையில் உரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. மாணவர் வந்து தூசி தட்டி, ஒரு மூலையில் திட்டாக நின்ற பச்சையைக் காந்தச் சுருள் காட்டி எடுத்தார். மஞ்சள் வயரைச் செருகினோம். கோடு கோடாக, இடையே கருப்போடு, மேலும் கீழும் பழைய கருப்புப் பட்டையோடு மேரியோ வந்து நின்றார். பொத்தானைத் தொட்டதும் குதித்தார். துப்பாக்கியை நான் பிடித்தேன். மூன்றாவது குண்டுக்கு வாத்து விழுந்தது. "சார், பரீட்சைக்குப் படிங்க சார்" என்றார் மாணவர்.

ஆனால் அந்தப் பிக்சர் டியூப் சோர்ந்துவிட்டது. முகமெல்லாம் சிவந்து மங்குகிறது, ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்கிறார். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. மே மாதம் பள்ளி விடுமுறைக்குப் பேரனோடு வருகிறான். அதற்குள் இன்னொன்று கிடைத்தால் நல்லது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் யார் வீட்டிலாவது அந்த 14 அங்குலப் பெட்டி கிடந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தயவுசெய்து இரும்புக்குப் போடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இரும்புக்காரர் கொடுப்பதைவிட 50 ரூபாய் கூடத் தருகிறேன், வண்டி வைத்து நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ரிமோட் இருந்தால் அதையும் தேடி வையுங்கள்.