தமிழ்நாட்டில் கல்வி ஒலிபரப்பு

தமிழ்நாட்டில் கல்வி ஒலிபரப்பு என்பது பள்ளிப் பாடம், உயர்கல்வி, வேளாண் அறிவு ஆகியவற்றை வானொலி, தொலைக்காட்சி வழியாகப் பொதுச் செலவில் மக்களிடம் சேர்க்கும் பணியாகும். சென்னை மாநகராட்சி, அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன், பல்கலைக்கழகங்கள், மாநிலப் பள்ளிக் கல்வித் துறை ஆகியவை வெவ்வேறு காலங்களில் இதை நடத்தியுள்ளன.

தொடக்கம்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. பணத் தட்டுப்பாட்டால் 1927-இல் அது நின்றுபோனது. அதன் கருவிகளைப் பெற்ற மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பு நடத்தியது. பள்ளி நாட்களில் மாலை 4 மணி முதல் அரை மணி நேரம் மாணவர்களுக்கு இசைப் பாடமும் கதைகளும் ஒலிபரப்பாயின. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் இப்பணி அதன் கைக்கு மாறியது.

வானொலிக் கல்வி வகுப்பறையோடு நிற்கவில்லை. 1960-களில் திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் ஆடுதுறை-27 நெல் ரகத்தைப் பரப்பின. தஞ்சை உழவர்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர்.

ஆவடி ஒலிபரப்பி வளாகம்

சென்னை நிலையத்தின் நிகழ்ச்சிகள் மயிலாப்பூர் கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலைக் கலையகத்தில் உருவாகின்றன. அவற்றை வான்வழி அனுப்பும் உயர்திறன் ஒலிபரப்பிகள் நகரின் மேற்கே ஆவடியில் அமைந்தன. இந்த இடைவெளிக்குக் காரணம் மத்திய அலையின் இயல்பு. சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர். அதற்குக் கால் அலைநீளக் கம்பம் நட்டாலே உயரம் 100 மீட்டரைத் தாண்டும். கம்பத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் செப்புக் கம்பிகளும் பரப்ப வேண்டும். இதற்குத் தேவையான திறந்தவெளி நகருக்குள் கிடைப்பது அரிது. 720 அலைவரிசைக்கு இங்கு அமைந்த ஒலிபரப்பியின் திறன் 200 கிலோவாட்.

தொலைக்காட்சி

தில்லியில் 1961-லேயே பள்ளித் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 1984-இல் தூர்தர்ஷன் வழியாக நாடு முழுவதற்குமான உயர்கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதற்கான தயாரிப்பு மையங்கள் ஏற்பட்டன. 2000-இல் ஞானதர்ஷன் அலைவரிசையும், 2004-இல் கல்விக்கெனவே எடுசாட் செயற்கைக்கோளும், 2017-இல் 32 அலைவரிசைகளுடன் ஸ்வயம் பிரபாவும் வந்தன.

இவை பெரும்பாலும் ஆங்கிலத்தையோ இந்தியையோ சார்ந்திருந்தன. மாநிலப் பாடத்திட்டத்தைத் தமிழிலேயே நடத்தும் அரசு அலைவரிசை 2019 ஆகஸ்ட் 26-இல் ‘கல்வித் தொலைக்காட்சி’ என்ற பெயரில் தொடங்கியது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து பள்ளிக் கல்வித் துறை நடத்தும் இது, அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் இடம்பெற்றது.

சமுதாய வானொலி

அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-இல் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியை 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. ஆவடிக் கம்பத்தைப்போல மாவட்டங்களைக் கடந்து செல்வது இதன் நோக்கமன்று. சில கிலோமீட்டர் சுற்றளவில் வாழும் மக்களே இதில் நிகழ்ச்சி தயாரிக்கவும் பேசவும் முடியும்.

எல்லைகள்

ஒருவழிப் பாடத்தில் மாணவர் குறுக்கிட்டுக் கேட்க முடியாது. பாட நேரமும் பள்ளியின் கால அட்டவணையும் பொருந்த வேண்டும். கொரோனாவால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சியே பல வீடுகளில் வகுப்பறையானது. பாடங்களை யூடியூபிலும் பதிவேற்றியதால் நேரச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. கேள்வி கேட்க ஆளில்லாத குறையை அது தீர்க்கவில்லை. கற்றல் இழப்பை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி, தெருதோறும் தன்னார்வலர்களை மாணவர்களிடம் நேரில் அனுப்பியது.