அரிசிக்குள்ள இருக்குற தண்ணி

ஒரு கிலோ அரிசிக்கு உலக சராசரியா 2,500 லிட்டர் தண்ணின்னு படிச்சிருப்பீங்க. இந்தக் கணக்கு ரொம்பப் பழசில்லைங்க. 1990-களின் தொடக்கத்தில் லண்டன் பேராசிரியர் டோனி ஆலன், வறண்ட மத்திய கிழக்கு நாடுகள் இறக்குமதி செய்யும் தானியத்துக்குள் தண்ணீரும் மறைந்து வருகிறது என்றார். அதுதான் மறைநீர். 2002-ல் நெதர்லாந்தின் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா, நாம வாங்குற ஒவ்வொரு பொருளுக்கும் அதை அளந்து 'நீர்த்தடம்' என்றார். ஒரு கப் காபிக்கே 140 லிட்டர் வந்துச்சு!

பின்னால அதையே மழைத்தண்ணி பச்சை, ஆத்துத்தண்ணியும் நிலத்தடித்தண்ணியும் நீலம்னு பிரிச்சாங்க. பேப்பர்க்காரங்க அந்தப் பிரிவை விட்டுட்டு மொத்தத்தை மட்டும் போடுறாங்க. எங்க மானாவாரிச் சோளம் குடிக்கிறது பச்சை. போர்வெல் நெல்லுக்குப் பாய்றது நீலம். கிணறு வத்துறது நீலத்தாலதான். சோளம் போடாம விட்டாலும் அந்த மழைத்தண்ணிய புல்லு குடிச்சிரும்.