சூளைக்குப் போகாத கல்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் வானூர் வட்டத்துக்குள் நுழைந்தால் மண் சிவக்கத் தொடங்கும். கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் செம்மண் மேடு அது. 1960களில் அங்கே ஆங்காங்கே நின்ற பனைகளைத் தவிர நிழல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காடு அழிந்து, ஆடுமாடு மேய்ந்து, தரை மொட்டையாகிக் கிடந்தது. ஐப்பசி மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடைகளில் இறங்கும். பொம்மையார்பாளையம் பக்கம் கடலே சிவந்து போகும். அந்த மேட்டில்தான் 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த பிடிமண்ணை ஒரு பளிங்குத் தாழியில் இட்டு ஆரோவில் நகரத்தைத் தொடங்கினார்கள். 50,000 பேர் வாழ வேண்டிய நகரம் என்று திட்டம். வரைபடம் போட்டவர் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ரோஜர் ஆஞ்சே.

50,000 பேருக்கு வீடு கட்டக் கல் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் பிறந்ததுதான் சூளைக்குப் போகாத ஒரு கல்லும், அதை அழுத்தி எடுக்கும் இயந்திரமும்.

எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் கல் என்றால் செங்கல்தான். ஏரி வண்டலையும் ஆற்றங்கரைக் களிமண்ணையும் குழைத்து, அச்சில் அறுத்து, பச்சைக்கல்லாகக் காயவைத்து, சூளை அடுக்கி, விறகு போட்டு நாள் கணக்கில் எரிக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் தொடங்கிக் கோடை முழுக்க நடக்கிற வேலை. அறுக்கிறவர்களில் இருளர் குடும்பங்கள் ஏராளம். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போய், அந்தக் கடனை அடைக்க முடியாமல் அங்கேயே கட்டுண்டு கிடந்தவர்களை அதிகாரிகள் போய் மீட்ட செய்திகள் விழுப்புரம், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கின்றன. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி வழிநடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்த மக்களின் உரிமைக்காகப் பல காலமாகப் போராடி வருகிறது. ஒரு செங்கல்லின் விலையில் விறகும் மண்ணும் மட்டுமா இருக்கின்றன? இந்த வாழ்க்கைகளும் இருக்கின்றன. இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 கோடிக்கும் மேல் செங்கற்கள் சுடப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். அத்தனைக்கும் மண்ணும் எரிபொருளும் ஆளும் வேண்டும்.

சுடாமலே கல்லை உறுதியாக்க முடியுமா என்ற தேடல் ஆரோவிலுக்கு வெகு தொலைவில் முன்பே தொடங்கிவிட்டது. தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குடியிருப்பையும் நகரத் திட்டமிடலையும் ஆராய 1950களின் தொடக்கத்தில் சின்வா என்ற மையம் அமைந்தது. ஏழைகள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ள என்ன கருவி தரலாம் என்பதும் அதன் ஆய்வுகளில் ஒன்று. அங்கே வேலை செய்த சிலி நாட்டுப் பொறியாளர் ராவுல் ராமிரெஸ் ஓர் இரும்புப் பெட்டி செய்தார். சற்றே ஈரமான மண்ணை அதில் கொட்டி, மூடி, நீளமான நெம்புகோலை ஆள் இழுத்துச் சாய்த்தால் உள்ளே மண் இறுகிக் கல்லாகும். எடை 60 கிலோ சொச்சம். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போய்விடலாம். மையத்தின் பெயரையும் ராமிரெஸின் பெயரையும் சேர்த்து ‘சின்வா-ராம்’ என்று ஆனது அந்தப் பெட்டி. லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று அது போகாத இடம் குறைவு. நகரத் திட்டமிடலுக்கான ஆய்வு மையத்திலிருந்து வந்த உருப்படியான பொருள் ஒரு கைக்கருவி என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974இல் தொடங்கிய அஸ்த்ரா என்ற கிராமத் தொழில்நுட்ப மையம் இந்தத் தேடலை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தது. கே.எஸ். ஜெகதீஷும் அவருடன் இருந்தவர்களும் நம் நாட்டு மண்வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, தங்களுக்கென்று ஓர் அழுத்தும் கருவியையும் உருவாக்கினார்கள்.

இதே காலத்தில் புதுச்சேரியில் இன்னொருவர் நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவிய ரே மீக்கர் கட்டடக்கலை படித்தவர். பச்சைக்கல்லில் வீட்டைக் கட்டிவிட்டு, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே நெருப்பு மூட்டி முழு வீட்டையும் சுட்டெடுக்கும் சோதனையை 1980களில் அவர் செய்தார். ஆரோவிலில் அப்படிச் சுட்ட வீடு உண்டு. துணிச்சலான முயற்சி, அழகான வீடுகள். ஆனால் எரிபொருள் கணக்கு அங்கும் தீரவில்லை. மண்ணை நெருப்பிடமிருந்து முழுக்க விடுவிக்கும் வேலை அப்படியே மீதி இருந்தது.

அந்த வேலைக்கு வாய்ப்பு அரசாங்கத்தின் வழியாக வந்தது. கேரளத்தில் கொல்லத்தில் 1980களின் நடுவில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம், குறைந்த செலவில் வீடு கட்டும் முறைகளைக் கொத்தனார்களுக்குக் கற்றுத்தந்து நல்ல பெயர் எடுத்திருந்தது. அதைப் பார்த்து, மத்திய அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமான ஹட்கோ நாடு முழுவதும் கட்டட மையங்கள் அமைக்க முன்வந்தது. 1989இல் ஆரோவிலுக்கும் ஒன்று கிடைத்தது. பிரான்சில் மண் கட்டடக்கலை பயின்று வந்த சத்பிரேம் மைனி அதன் மண் பிரிவைக் கவனித்தார். பின்னாளில் ஆரோவில் மண் நிறுவனம் என்று ஆனது இந்தப் பிரிவுதான்.

மையத்துக்குத் தனியாக ஆய்வுக்கூடம் கட்டிவிட்டு அப்புறம் ஆராய்ச்சி என்று அவர்கள் இருக்கவில்லை. கட்ட வேண்டிய கட்டடமே ஆய்வுக்கூடமாயிற்று. வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்க 1,200 சதுர மீட்டரில் ஒரு வருகையாளர் மையம் தேவைப்பட்டது. சுஹாசினி அய்யர் வடிவமைத்தார். அதற்கான கல்லை அந்த மனையிலேயே அழுத்தினார்கள். சுற்று ஊர் ஆட்கள் அங்கேயே பழகினார்கள். 1992இல் அந்தக் கட்டடத்துக்கு, ஏழைகளுக்கான கட்டடக்கலை என்ற பிரிவில், எகிப்தின் மண் வீட்டு மேதை ஹசன் ஃபாத்தி பெயரிலான விருது கிடைத்தது.

கருவியும் அந்த ஆண்டுகளில்தான் உருப்பெற்றது. சின்வா-ராமில் இரண்டு குறைகள் இருந்தன. அழுத்தம் போதாது; ஒரே அச்சு. ஆரோவில் வடிவமைத்த ‘ஆரம் 3000’ ஆள் இழுக்கும் கருவிதான், ஆனால் 15 டன் வரை அழுத்தும். அதைவிட முக்கியம், அச்சை மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குச் சதுரக் கல், மூலைக்கு அரைக்கல், கம்பி இறக்கத் துளைக்கல், குறுக்கே கம்பி படுக்க வைக்கக் குடைந்த கல், வளைவுக்கும் குவிமாடத்துக்கும் மெல்லிய கல் என்று பலவகைக் கற்கள் ஒரே சட்டகத்திலிருந்து வந்தன. கூரையையும் கல்லாலேயே வளைத்து மூட முடிந்தால் கம்பியும் கான்கிரீட்டும் மிச்சம். கருவியை ஆரோவிலின் ‘ஆரேகா’ பட்டறை செய்தது.

என்னைக் கேட்டால், கருவியைவிட அதைச் சுற்றி அவர்கள் வகுத்த வேலை ஒழுங்குதான் பெரிய கண்டுபிடிப்பு. முதலில் மேல்மண்ணைச் சுரண்டி ஒதுக்க வேண்டும். அதில் வேரும் மக்கும் இருக்கும்; கல்லுக்கு ஆகாது, பயிருக்கு வேண்டும். அதற்குக் கீழே உள்ள மண்தான் கல்லுக்கு. நல்ல கல்மண்ணில் சரளை 15 விழுக்காடு, மணல் 50, வண்டல் 15, களி 20 இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மணல் குறைந்தால் சேர்க்கலாம். களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும். சலித்த மண்ணில் 5 விழுக்காடு சிமெண்டை உலர்வாகக் கலந்து, அப்புறம் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதம் புட்டு மாவுதான்: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் பட்ட கலவையைச் சிமெண்ட் இறுகுமுன் அழுத்தி முடித்துவிட வேண்டும் என்பதால் சலிக்கிறவர், கலக்கிறவர், கொட்டுகிறவர், இழுக்கிறவர், அடுக்குகிறவர் எல்லோரும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். ஒருவர் சுணங்கினால் கலவை வீணாகும். எத்தனை பேர் எங்கே நிற்பது, மண் குவியலுக்கும் கருவிக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம்கூட ஆராய்ச்சிப் பொருளானது இதனால்தான். அழுத்தி எடுத்த கல்லில் சிறு முள்கருவியைக் குத்தி இறுக்கம் பார்ப்பார்கள். அப்புறம் நிழலில் அடுக்கி மூடி, நான்கு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். நெருப்பு செய்கிற வேலையைத் தண்ணீரும் பொறுமையும் செய்கின்றன.

மண் எடுத்த குழியை என்ன செய்வது என்பதும் முதலிலேயே முடிவாகிவிட வேண்டும். மழைநீர்க் குட்டையா, கழிவுநீர் சுத்திகரிக்கும் தொட்டியா, கட்டடத்தின் கீழ்த்தளமா? 1990களில் ஆரோவிலில் எழுந்த விகாஸ் குடியிருப்பில், கீழ்த்தளத்துக்குத் தோண்டிய மண்ணே மேலே சுவராக நின்றது. நான்கு அடுக்கு வரை, பாரத்தைச் சுவரே தாங்கும்படி கட்டினார்கள். 2000இல் உலக வாழிட விருதுக்கான இறுதிச் சுற்றுக்கு விகாஸ் போனது.

இப்படிச் செய்த கல்லுக்கு ஆகும் எரிசக்தி, நாட்டுச் சூளைச் செங்கல்லுக்கு ஆவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பது மண் நிறுவனத்தின் கணக்கு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலம் நடுங்கியபோது துளைக்கல்லின் அருமை தெரிந்தது. துளைகளில் கம்பி இறக்கிக் கட்டும் முறையைக் குஜராத் அரசு ஏற்றுக்கொண்டது. கட்ச் பகுதியில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழுந்தன. 2004இல் ரியாத் நகரில் ஒரு மசூதியை ஏழே வாரத்தில் இதே கல்லில் கட்டினார்கள். வானூர் வட்டத்துப் பட்டறைக் கருவி ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிற்று.

ரியாத் வரை போன கல் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஏன் வரவில்லை? கடற்கரைச் சாலை ஓரத்து விடுதிகளிலும் வார இறுதி வீடுகளிலும் பூச்சில்லாத மண்கல் சுவர் அழகுக்காக நிற்கிறது. ஆரோவிலை ஒட்டிய இடையஞ்சாவடியிலும் கோட்டக்கரையிலும் ஊர்க்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொள்கிற வீடுகளோ பெரும்பாலும் செங்கல்லில்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கார்த்திகை அடைமழையில் மண்சுவர் இடிந்து விழுந்ததைப் பார்த்து வளர்ந்த குடும்பத்துக்கு, சுட்ட கல் என்பது பயமில்லாத தூக்கம். ‘மண்ணாலேதான், ஆனால் கரையாது’ என்று யாராவது சொன்னால் அவர்கள் நம்ப, பக்கத்துத் தெருவில் பத்து மழை பார்த்த வீடு ஒன்று வேண்டும். அதோடு, செங்கல் நாளைக்கே டிராக்டரில் வந்து இறங்கும். மண்கல்லுக்கு நாலு வாரம் காத்திருக்க வேண்டும். பழகிய கொத்தனார் கிடைப்பதும் அரிது. இந்தியத் தர நிர்ணயத்தில் மண்கல்லுக்கென்று ஐ.எஸ். 1725 என்ற தரம் எப்போதோ வந்துவிட்டது; தரம் இருந்தும் தேவை உருவாகவில்லை. தேவையை உருவாக்கக்கூடிய ஒரே பெரிய வீட்டுக்காரர் அரசு.

2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி. ஓர் உள்சுவரும் சேர்த்து அதற்கு ஏறத்தாழ 3,000 மண்கல் போதும் என்பது என் கணக்கு. ஆரம் கருவியில் பழகிய குழு ஒரு நாளில் ஆயிரம் கல் வரை எடுக்கும். ஆக மூன்று, நான்கு நாள் வேலை. மண்ணுக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழக் குழி. கல் ஈரத்தில் இறுகும் நான்கு வாரத்தில் கடைக்கால் வேலையை முடித்துவிடலாம். வானூர், மரக்காணம் ஒன்றியங்களின் செம்மண் ஊர்களில் ஒன்றியத்துக்கு ஒரு கருவி கொடுத்து, சூளைகளிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்கே பயிற்சியும் நாள்கூலியும் தந்து, முதல் பத்து வீடுகளை அவர்களுக்கே கட்டினால் என்ன? கல் அறுக்க அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை.