ஜூபிடர் என்னும் கரிக்கப்பல்

நீராவிக் காலத்துக் கடற்படைகளின் வல்லமையைப் பற்றிப் பேசுகையில், பீரங்கிகளின் நீளத்தையும் கவசத்தின் கனத்தையும் விரித்துரைக்கும் சரித்திராசிரியர்கள், அப்படைகளைக் கடல் கடந்து நகரச் செய்த நிலக்கரியையும், அதைச் சுமந்து பின்தொடர்ந்த கரிக்கப்பல்களையும் ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகிறார்கள். 1907 முதல் 1909 வரை அமெரிக்கா தன் 16 யுத்தக்கப்பல்களை உலகைச் சுற்றி அனுப்பியபோது, கரியின் பெரும்பகுதியை அன்னியக் கப்பல்களே கொண்டுவந்து கொடுக்க நேர்ந்தது. யுத்த காலத்தில் அவ்வுதவி கிடைக்காது என்ற அச்சம், சொந்தக் கரிக்கப்பல்களின் அவசியத்தை அந்நாட்டார்க்கு நன்கு உணர்த்திற்று.

அவ்வாறு பிறந்த கப்பல்களுள், கலிபோர்னியாவின் மேர் தீவில் கட்டப்பெற்று 1913 ஏப்ரலில் சேவையில் அமர்ந்த ஜூபிடரே மிகவும் போற்றத்தக்கது. வேகமாகச் சுழன்றால்தான் டர்பைன் சிக்கனமாக இயங்கும். மெதுவாகச் சுழன்றால்தான் கப்பலின் உந்துவிசிறி நன்கு வேலை செய்யும். இவ்விரண்டையும் இணக்கும் வழி தேடிய கடற்படையார், சைக்ளாப்ஸ் என்ற கரிக்கப்பலில் பழைய பிஸ்டன் யந்திரத்தையும், நெப்டியூன் என்ற மற்றொன்றில் பற்சக்கரம் பூட்டிய டர்பைனையும், ஜூபிடரில் டர்பைனால் மின்சாரம் உண்டாக்கி அம்மின்சாரத்தால் மோட்டாரைச் சுழற்றும் புது முறையையும் வைத்து ஒப்பிட்டனர். யுத்தக்கப்பலிற் செய்யத் துணியாத பரீட்சையைக் கரிக்கப்பலிற் செய்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது வெற்றி பெற்றது. நியூ மெக்சிகோ முதலிய பெரும் யுத்தக்கப்பல்களும் பின்னர் அம்முறையிலேயே ஓடின.

சைக்ளாப்ஸோ, 1918 மார்ச்சில் மாங்கனீஸ் தாதுவுடன் பார்படோஸை விட்டுப் புறப்பட்டு, 306 உயிர்களோடு மறைந்துபோயிற்று. காரணம் இன்றளவும் புலப்படவில்லை. அம்மர்மத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஜூபிடரின் உழைப்பைப் பற்றி எழுதப்படவில்லை.

யுத்தக்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபின், கரிக்கப்பலுக்கு வேலை குறைந்தது. 1920இல் நார்போக்கில் ஜூபிடரின் பாரந்தூக்கிகளை அகற்றி, முனை முதல் பின்புறம் வரை நெடுந்தளம் அமைத்து, லாங்லி எனப் பெயரிட்டனர். கரி கிடந்த அறைகளில் விமானங்கள் குடிபுகுந்தன. 1922 அக்டோபர் 17ஆம் தேதி விமானி விர்ஜில் கிரிபின் அத்தளத்திலிருந்து பறந்தெழ, அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் என்ற பெருமை அந்தப் பழைய கரிக்கப்பலுக்கே உரியதாயிற்று.

1942 பிப்ரவரி 27ஆம் தேதி, 32 போர் விமானங்களை ஏற்றிக்கொண்டு ஜாவாவை நோக்கிச் சென்ற லாங்லியை ஜப்பானியக் குண்டுகள் செயலிழக்கச் செய்ததால், துணைவந்த கப்பல்களே அதை மூழ்கடித்தன. தப்பியவர்களை ஏற்றிய பேக்கோஸ் என்ற எண்ணெய்க் கப்பலும் மார்ச் 1ஆம் தேதி தாக்கப்பட்டு மூழ்க, அவர்களிற் பலர் கடலில் மாண்டனர்.