அமெரிக்கப் பள்ளிகளில் புள்ளியியல்: ஆசிரியர் பயிற்சி வரலாற்றின் ஒரு கூறு

பள்ளிக் கணிதத்தில் புள்ளியியல் பிந்தி நுழைந்த பாடமாகும். அதனைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியருள் பலர் அதனை முறையாகப் பயின்றவரல்லர். இயற்கணிதமும் வடிவியலும் கற்றுப் பணியேற்றோரிடம் தரவு பற்றிய பாடம் ஒப்படைக்கப்பட்டபோது மேற்கொள்ளப்பட்ட பயிற்சி முயற்சிகளை அமெரிக்க வரலாற்றின் வழி இக்கட்டுரை நோக்குகிறது.

1960களின் இறுதியில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் கணித ஆசிரியர் தேசியக் கழகமும் இணைந்து கூட்டுக் குழு ஒன்றை அமைத்தன. ஹார்வர்டு பேராசிரியர் பிரெடரிக் மாஸ்டெல்லர் அதில் முன்னின்று உழைத்தார். 1972, 1973ஆம் ஆண்டுகளில் குழுவின் நூல்கள் வெளிவந்தன. ஆயினும் நூல் எழுதுவது ஒன்று. அதனை வகுப்பில் நடத்தும் துணிவை ஆசிரியருக்கு ஊட்டுவது வேறு.

அவ்வேறு பணியை 1980களில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் நடந்த 'அளவுசார் எழுத்தறிவுத் திட்டம்' மேற்கொண்டது. ஜேம்ஸ் லேண்ட்வேர், ஆன் வாட்கின்ஸ் ஆகியோர் எழுதிய தரவு ஆய்வு நூல் 1986இல் வெளிவந்தது. ஜான் டூக்கி 1977இல் தம் நூலில் விளக்கிய தண்டு-இலை வரைபடமும் பெட்டி வரைபடமும் இத்திட்டத்தின் வழி பள்ளியை அடைந்தன. எண்களை வரிசைப்படுத்தவும் எண்ணவும் தெரிந்தால் இவற்றை வரைந்துவிடலாம், சூத்திரம் வேண்டியதில்லை. பயிலரங்குகளில் ஆசிரியர்கள் மாணவர் நிலையில் அமர்ந்து தரவுகளைத் தாமே கையாண்டனர்.

உண்மையான இடர்ப்பாடு கணக்கீட்டில் இல்லை எனலாம். 40, 45, 50, 55, 310 என்னும் ஐந்து கூலித் தொகைகளைக் கொள்வோம். சராசரி 100, இடைநிலை 50. நால்வர் சராசரிக்குக் கீழே நிற்கின்றனர். எவ்வெண் இக்குழுவைக் காட்டுகிறது என்று மாணவர் வினவினால், கூலி வழங்குவோர் கேட்கிறாரா, பெறுவோர் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஒரே விடைக்குப் பழகிய கணித ஆசிரியருக்கு இது எளிதான மாற்றமன்று.

1997இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான முன்னிலைப் புள்ளியியல் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது; 7,500க்கும் மேற்பட்டோர் எழுதினர். விடைத்தாள் திருத்தப் பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் ஓரிடத்தில் கூடினர். ஒரு விடையின் விளக்கம் போதுமானதா என நாள்தோறும் விவாதித்த அக்கூட்டம், பயிற்சி என்னும் பெயர் பெறாத பயிற்சியாக அமைந்தது.

2010இல் வெளியான பொதுப் பாடத்தரங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே புள்ளியியலை வலியுறுத்தியமையால் பழைய குறை மீண்டும் எழுந்தது. 2015இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் ஆசிரியர்களின் புள்ளியியல் கல்வி குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டது. வினா எழுப்புதல், தரவு திரட்டல், பகுத்தல், பொருள்கோடல் ஆகிய நான்கையும் ஆசிரியர் முதலில் தாமே செய்து கற்க வேண்டும் என அது பரிந்துரைத்தது.