சாம்பு யாழ்ப்பாணத்துக்கு வந்த கதை

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு சங்கத்தினர் கேட்டபோது அதிபர்களின் வரலாறும் கட்டடங்களின் வரலாறும் பரீட்சைப் பெறுபேறுகளின் வரலாறும் ஏற்கெனவே பங்கிடப்பட்டு விட்டன. மிஞ்சிக் கிடந்தது மாணவிகளின் வாசிப்பு. அதிலும் பாடநூல்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. மேசை லாச்சிக்குள் பாதி இழுத்துவைத்து, ரீச்சர் திரும்பும்போது உள்ளே தள்ளி, நாங்கள் வாசித்த ஒருவரைப் பற்றியே எழுதுகிறேன். அவர் பெயர் சாம்பு.

இளைய மாணவிகளுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டும். சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. வயது நாற்பதைக் கடந்தவர். பார்த்தவுடன் அசடு என்று சொல்லத்தக்க தோற்றம், முகத்தை முந்திக்கொண்டு வரும் மூக்கு. வேம்பு அவர் மனைவி, சுந்து மகன். இவருக்குத் துப்பறியத் தெரியாது. ஆனால் இவர் போகுமிடமெல்லாம் ஏதாவது களவு போயிருக்கும், அல்லது யாராவது காணாமற் போயிருப்பார்கள். சாம்பு தன் பாட்டுக்கு ஒரு பிழையான காரியம் செய்வார். அந்தப் பிழையிலே குற்றவாளி வந்து விழுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் உட்படச் சுற்றியிருப்போர் எல்லோரும், "இதை எப்படி ஐயா கண்டுபிடித்தீர்?" என்று வியந்து நிற்பார்கள். என்ன நடந்தது என்று சாம்புவுக்கே விளங்காது. விளங்காததால் வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தையும் மேதாவியின் அடக்கம் என்று உலகம் எடுத்துக்கொள்ளும்.

இவரைப் படைத்தவர் 'தேவன்' என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவன். 1913ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூரில் பிறந்தவர். மிக இளம் வயதிலேயே கல்கியின் கண்ணில் பட்டு ஆனந்த விகடனில் சேர்ந்தார். 1941இல் கல்கி தனிப் பத்திரிகை தொடங்கி வெளியேறிய பின் விகடனின் ஆசிரியப் பொறுப்பின் பெரும்பகுதி தேவன் தலையில் வந்தது. 1957இல் நாற்பத்து மூன்று வயதில் இறக்கும் வரை அவர் அங்கேயே இருந்தார். சாம்பு கதைகள் 1942ஆம் ஆண்டளவில் வரத் தொடங்கின. மொத்தம் ஐம்பது கதைகள். யப்பானிய விமானங்கள் ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்ட ஆண்டு அது. சென்னைப் பட்டணத்துச் சனம் பெட்டி படுக்கையுடன் ஊர்களுக்கு ஓடிய ஆண்டும் அதுதான். மூளைசாலிகள் எல்லோரும் சேர்ந்து உலகத்தைக் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் அசடர் எதையும் அறியாமலே எல்லாவற்றையும் சரிப்படுத்திய கதை ஏன் பிடித்தது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

தமிழில் துப்பறியும் கதை அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இலேயே வந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளுக்கு வேட்டி கட்டிவிட்டு நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார்கள். 1925இலிருந்து 'ஜகன்மோகினி'யை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாளின் நூற்றுப் பதினைந்து நாவல்களிலும் மர்மத்துக்குக் குறைவில்லை. எங்கள் நாட்டுப் பக்கம் பார்த்தால், இலங்கையின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) களவாடப்பட்ட ஒரு குழந்தையின் கதையே. ஆக, மர்மம் எங்களுக்குப் புதிதல்ல. சிரிப்புத்தான் புதிது. அதுவரை வந்த துப்பறிவாளர்கள் சிரிக்கவுமில்லை, பிழைவிடவுமில்லை. பின்னர் வந்த தமிழ்வாணனின் சங்கர்லாலும் தேநீர் குடித்தபடி எல்லாவற்றையும் அறிந்தவராகவே இருந்தார். தேவன் தாமே சி.ஐ.டி. சந்துரு என்ற கெட்டிக்காரரையும் படைத்தார். சந்துருவை எனக்கு மதிப்புண்டு. ஆனால் இரண்டாந்தரம் வாசிக்கத் தோன்றியது சாம்புவைத்தான். திரைப்படத்தில் இன்ஸ்பெக்டர் குளூசோ என்ற பிரெஞ்சு அசடரை உலகம் கண்டு சிரித்தது 1963இல். சாம்பு அவருக்கு இரண்டு தசாப்தம் மூத்தவர்.

அவர் இங்கு வந்தது கப்பலில். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியதிலிருந்து சென்னை எழும்பூரில் ஏற்றிய தபால் பொதி கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதம் ஏறி, மதவாச்சியில் வடக்கு நோக்கித் திரும்பி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை விகடனும் கல்கியும் கலைமகளும் இந்த வழியாலேயே வந்தன. ஒரு பிரதி ஒரு வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வாங்கிய வீட்டில் தகப்பனார் முதலில் வாசிப்பார், பிறகு பெண்கள், பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு மாமிக்கு. ஊர் சுற்றி முடித்துத் திரும்பி வரும்போது அட்டையில் எண்ணெய்க் கறையும் ஓரத்தில் மஞ்சள் விரலடையாளமும் இருக்கும்.

இங்கேதான் வரலாற்று மாணவி ஒருத்தி கவனிக்க வேண்டிய விடயம் வருகிறது. தேவனின் தொடர்கள் அவர் வாழ்ந்த காலத்தில் புத்தகமாக வெளிவரவில்லை. அந்தக் குறை அவர் மனதில் இருந்தது என்று அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளார்கள். புத்தகக் கடையில் 'துப்பறியும் சாம்பு' என்று கேட்டால் கிடைக்காது. அப்படியிருந்தும் எங்கள் வீடுகளில் அந்தப் புத்தகம் இருந்தது. காரணம், அதை எங்கள் தாய்மாரும் பெரியம்மாமாரும் செய்தார்கள்.

செய்த முறையையும் எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் இன்று செய்வோர் அருகிவிட்டனர். இதழைப் பிரித்துக் கதையின் பக்கங்களை மட்டும் எடுத்து, கிழமை வரிசைப்படி அடுக்கிவைப்பார்கள். ஒரு கட்டுச் சேர்ந்ததும் முதுகுப் பக்கம் ஊசியால் துளையிட்டுத் தடித்த நூலால் தைப்பார்கள். கோதுமை மாப்பசை காய்ச்சும்போது அதில் துரிசு சிறிது கரைத்துவிடுவார்கள், பூச்சி அரிக்காது. பழைய அப்பியாசக் கொப்பி மட்டையோ சவர்க்காரப் பெட்டி மட்டையோ அட்டையாகும். முதுகுக்கு, கிழிந்த சேலையின் தலைப்பு. அதன்மேல் மையால் பெயர் எழுதுவார்கள். கதை முடியும் பக்கத்தின் மறுபுறத்தில் வேறொரு கட்டுரையின் நடுப்பகுதியோ, தலைவலித் தைலத்தின் விளம்பரமோ, போர்க்காலச் சிக்கன அறிவித்தலோ சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். ஓவியர் ராஜு வரைந்த சாம்புவின் மூக்குக்குப் பின்பக்கத்தில் இப்படி ஒரு காலமே ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடசாலை நூலகங்களில் ஆங்கிலத் துப்பறியும் கதைகளுக்கு மரியாதையான இடம் இருந்தது. செஸ்ரட்டனின் பாதிரியார் பிறவுண் இருந்தார். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இருந்தார். 1927இல் சிறுகதையிலும் 1930இல் நாவலிலும் அறிமுகமான அந்தக் கிழவி, பின்னிக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பவர். அவற்றை வாசித்தால் "இங்கிலீசு திருந்தும்" என்பார்கள். சாம்புவை வாசித்தால் பிள்ளை கெட்டுவிடும். ஆங்கிலத்தில் ஒரு கொலை அறிவை வளர்க்கும், தமிழில் ஓர் அசடு அறிவைக் கெடுக்கும் என்ற இந்தக் கணக்கு எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. மார்ப்பிளுக்கும் சாம்புவுக்கும் உள்ள வேறுபாடு மொழியல்ல. மார்ப்பிள் தன் கிராமத்து மனிதரை நுணுக்கமாக அறிந்தவர். யாரைக் கண்டாலும் ஊரிலுள்ள இன்னொருவரை நினைத்து ஆளை எடைபோடுவார். எங்கள் ஊர்க் கிழவிகள் எல்லோரும் அந்த வகையில் மார்ப்பிள்தான். படலையில் நின்றபடியே முழுக் குறிச்சியின் செய்தியையும் அறிந்துவிடுவார்கள். ஆனால் சாம்பு எங்கள் ஊரில் இல்லாத சரக்கு. பெறுபேறு வந்த அன்று எத்தனை பாடத்தில் அதிவிசேட சித்தி என்று வீதியில் மறித்துக் கேட்கும் சமூகம் இது. புள்ளி குறைந்த பிள்ளைக்கு இங்கே வேறு கதி இருப்பதாக ஒருவரும் சொன்னதில்லை. சாம்பு மட்டுந்தான் சொன்னார்.

1960களில் எங்கள் விடுதியில் நடந்த ஒன்றை இங்கே பதிவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் தைத்த சாம்புத் தொகுப்பு ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்திருந்தார். கட்டில் கட்டிலாகச் சுற்றிய புத்தகம் ஒருநாள் காணாமற் போயிற்று. விடுதியில் கதைப் புத்தகம் தடை என்பதால் முறைப்பாடு செய்யவும் வழியில்லை. பெரிய வகுப்பு அக்காமார் விசாரணை நடத்தினார்கள். றங்குப் பெட்டிகள் திறக்கப்பட்டன. தலையணை உறைகள் உதறப்பட்டன. இருவருக்கிடையே பேச்சுவார்த்தை நின்றுபோனது. மூன்றாம் நாள் இரவு, வயிற்றுவலி என்று சுடுதண்ணீர் கேட்கப்போன சின்னப் பிள்ளை ஒருத்தி மேற்றனின் அறைக் கதவைத் தட்ட மறந்து தள்ளிவிட்டாள். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேற்றன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் புத்தகம்.

"பிள்ளை, கதவைச் சாத்திப்போட்டுப் போ. இன்னும் ரெண்டு கதைதான் கிடக்கு," என்றாராம்.

அடுத்த நாட்காலை புத்தகம் உரியவரின் தலையணைக்கடியில் இருந்தது. முதுகுத் தையல் விட்டிருந்த இடம் புது நூலால் தைக்கப்பட்டிருந்தது. சுடுதண்ணீர் கேட்கப்போனவளுக்கு 'சாம்பு' என்ற பெயர் உயர்தர வகுப்பு முடியும் வரை நிலைத்தது. அவர் இப்போது கடல்கடந்த நாடொன்றில் பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் போகும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

தேவனின் மறைவுக்குப் பின் சாம்பு அச்சுப் புத்தகமாகவும் வந்தார். ஓவியர் கோபுலுவின் கைவண்ணத்தில் படக்கதையாகவும் வந்தார். எங்களுக்கு அடுத்த தலைமுறைக்கு அந்த மூக்கே சாம்புவின் மூக்கு. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரங்களும் சுந்தரின் 'சிரித்திரன்' இதழும் இங்கே செழித்தன. சவாரித் தம்பரைக் கண்டு சிரித்த பிள்ளைகள் சாம்புவைத் தேடவில்லை. அது எங்கள் இலக்கியத்துக்கு நன்மையே என்பது என் கருத்து. ஆனால் பழைய தையற் புத்தகங்கள் மேலும் அரியவையானது அந்நாட்களில்தான்.

1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய வாசிகசாலை யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்து, 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் அழிந்தது. அந்தக் கணக்கை உலகம் அறியும். எங்கள் வீட்டுச் சாம்புகளுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நேரத்தில் ஒரு பையில் காணி உறுதியை வைப்பதா, பிறப்புச் சான்றிதழை வைப்பதா, பிள்ளைக்கு மா வைப்பதா என்றுதான் யோசிக்க முடியும். கதைப் புத்தகத்தை எடுத்தவர்கள் யாருமிருந்தால் நான் அவர்களைச் சந்திக்க வேண்டும். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரை இல்லை, யன்னல் இல்லை. மழையில் ஊறிய மாப்பசைக்குத் துரிசு என்ன செய்யும்?

இன்று சாம்பு கதைகளை வாங்குவது எளிது. புதிய பதிப்புகள் உள்ளன. கதை அழியவில்லை. எந்த வீட்டில் எந்தப் பெண் அதைத் தைத்தாள், யார் யார் கைமாற்றி வாசித்தார்கள், ஓரத்தில் பென்சிலால் யார் என்ன எழுதினார்கள் என்பவை அந்தப் பதிப்புகளில் இல்லை. எங்கள் கல்லூரியின் வரவுப் பதிவேடுகளிலும் இல்லை. பழைய தையற் புத்தகங்களின் உள்ளட்டையில் வாசித்தவர் பெயரையும் திகதியையும் எழுதும் வழக்கம் இருந்தது. ஒரு விடுதியில் எந்த ஆண்டு யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ கனடாவிலோ இலண்டனிலோ, அல்லது எங்களூர்ப் பரணில் பழைய வெண்கலப் பாத்திரங்களுக்குக் கீழோ, இப்படியொரு புத்தகம் உங்களிடம் கிடந்தால் சங்கச் செயலாளருக்கு அறியத்தாருங்கள். படியெடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். சாம்புவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லக்ஷ்மியின் தொடராகவும் இருக்கலாம், கல்கியாகவும் இருக்கலாம். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தைலத்தின் விளம்பரத்தை மட்டும் தயவுசெய்து வெட்டி எறிந்துவிடாதீர்கள்.