முடிவுள்ள கதையும் முடிவிலாக் கதையும்



கதை கேட்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. கதையை நமக்குக் கொண்டுவரும் கருவிதான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பாட்டியின் வாய்மொழி, ஏடு, அச்சு நூல், வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என்று அது மாறிற்று. கருவி மாறும்போது கதையின் வடிவமும் மாறுகிறது. கதைக்குப் பணம் கொடுப்பவர் மாறினாலோ, அவ்வடிவம் இன்னும் பெரிதாக மாறிவிடுகிறது. இந்த இரண்டாவது உண்மையை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை விளக்குவதற்கு, உங்களுள் பலர் நன்கு அறிந்த ஒரு செய்தியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க நாட்டு நெடுந்தொடர்களைக் காட்டிலும் தென்கொரியத் தொலைக்காட்சி நாடகங்களையே விரும்பிப் பார்ப்பவர்கள் உலகின் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். காரணம் என்ன? கொரிய நடிகர்களின் அழகு என்பார் சிலர். அந்நாடகங்களில் காணப்படும் அடக்கமும், பெற்றோரிடம் காட்டும் மதிப்பும் என்பார் வேறு சிலர். இவை பொய்யல்ல. ஆனால் அழகும் அடக்கமும் எந்த நாட்டுக்கும் தனியுரிமை அல்லவே! இரண்டு வகைக் கதைகளின் வரலாற்றையும் நோக்கினால் வேறொரு காரணம் புலப்படும். ஒன்று முடியக்கூடாத கதையாகப் பிறந்தது. மற்றொன்று முடிய வேண்டிய கதையாக வளர்ந்தது.

அமெரிக்க நெடுந்தொடருக்குச் 'சோப் ஓபரா' என்று பெயர். ஓபரா என்பது இசை நாடகம். சோப்புக்கும் இசை நாடகத்துக்கும் என்ன உறவு? அது கேலியாக வைத்த பெயர். அப்பெயருக்குரிய வரலாறு வானொலியில் தொடங்குகிறது. 1930ஆம் ஆண்டில் சிகாகோ நகர வானொலி நிலையம் ஒன்று 'பெயின்டெட் டிரீம்ஸ்' என்னும் தொடர் நாடகத்தை ஒலிபரப்பியது. அதை எழுதியவர் ஐர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி. அவர் முன்பு ஆசிரியத் தொழில் செய்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1933ஆம் ஆண்டில் 'மா பெர்க்கின்ஸ்' என்னும் தொடர் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது புரொக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம். அது விற்க விரும்பிய பொருள் ஆக்ஸிடால் என்னும் சலவைத்தூள். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் என்ற கணக்கில் அந்நாடகம் 1960 வரை நடந்தது. இருபத்தேழு ஆண்டுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள்!

சலவைத்தூள் வணிகருடைய நோக்கத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பகற்பொழுதில் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் இல்லத்தரசி நாள்தோறும் வானொலியைத் திருப்ப வேண்டும். நாள்தோறும் அத்தூளின் பெயர் அவர் காதில் விழ வேண்டும். கதை முடிந்தால் அந்தப் பழக்கமும் முடிந்துவிடும். ஆகவே கதை முடியக்கூடாது. இந்த ஒரு தேவையிலிருந்தே அவ்வகைக் கதையின் இலக்கணம் முழுவதும் பிறந்தது. ஒரு குடும்பம் போதாது. பல குடும்பங்கள் வேண்டும். ஒரு முடிச்சு அவிழும்போது வேறொரு முடிச்சு விழ வேண்டும். வெள்ளிக்கிழமையன்று ஒரு திடுக்கீடு வேண்டும். அப்போதுதான் திங்கட்கிழமை கேட்பவர் தவறாமல் வருவார். இடையே இரண்டு நாள் கேட்கத் தவறியவரும் கதையைத் தொடர வேண்டும். ஆதலின் நடந்ததையே மீண்டும் மீண்டும் பேச வேண்டும். கதை ஆமைபோல் நகர வேண்டும்.

தொலைக்காட்சி வந்தபோது இவ்விலக்கணமும் உடன் சென்றது. ஐர்னா பிலிப்ஸின் 'கைடிங் லைட்' 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009இல்தான் நின்றது. அவருடைய மற்றொரு படைப்பாகிய 'ஆஸ் தி வேர்ல்டு டர்ன்ஸ்' 1956 முதல் 2010 வரை நடந்தது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்ட செய்தியைச் சி.பி.எஸ். நிறுவனம் அந்த நாடகத்தை இடைமறித்துத்தான் முதன்முதலில் அறிவித்தது. அப்போது திரையில் இருந்தவர் ஹெலன் வாக்னர் என்னும் நடிகை. 1956இல் முதற்பகுதியின் முதற்சொல்லைப் பேசிய அவர், இடையில் சிலகாலம் விலகியிருந்தாலும், 2010இல் தாம் மறையும் வரை அதே பாத்திரத்தை ஏற்று நடித்து வந்தார்.

இவ்வகைத் தொடர்களை வெறும் குப்பை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. ஹெர்ட்டா ஹெர்சாக் என்னும் அறிஞர் 1940களின் தொடக்கத்திலேயே, வானொலித் தொடர்களைக் கேட்ட பெண்களை நேரில் கண்டு ஆராய்ந்தார். அவர்கள் தம் மனப்பாரத்தைக் குறைத்துக்கொள்ளவும், தம் வாழ்க்கைச் சிக்கல்களுக்கு வழி தேடவும் அக்கதைகளைப் பயன்படுத்தினர் என்று கண்டார். பல ஆண்டுகள் நாள்தோறும் வீட்டுக்குள் வரும் பாத்திரம் அடுத்த வீட்டு அம்மாளைப் போல் ஆகிவிடுகிறது. பார்ப்பவரோடு சேர்ந்து அதுவும் முதுமை அடைகிறது. இச்சிறப்பு வேறு எந்தக் கலைக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. இறந்தவர் என்று காட்டப்பட்டவர் சில ஆண்டுகள் கழித்து உயிருடன் திரும்புவார். பிரிந்த கணவனும் மனைவியும் கூடி, மீண்டும் பிரிந்து, மீண்டும் மணப்பர். எழுதுவோரின் திறமைக் குறைவன்று இது. முடிவு மறுக்கப்பட்ட கதையில் எந்த நிகழ்ச்சியும் உறுதியாக நிற்க இயலாது. நேற்று நடந்ததை நாளை அழித்து எழுதலாம் என்றால், செயலுக்குப் பயன் எங்கே? தியாகத்துக்கு மதிப்பு எங்கே? சிலர் இத்தொடர்களைப் பார்த்துச் சலிப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இனிக் கொரியாவுக்குச் செல்வோம். அந்நாட்டில் கே.பி.எஸ். என்னும் அரசு நிறுவனம் 1961ஆம் ஆண்டின் இறுதியில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கும் முதலில் புகழ் பெற்றவை நாள்தொடர்களே. 1970இல் வந்த 'அஸ்ஸி', 1972இல் வந்த 'யோரோ' ஆகிய இரண்டும் இருநூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் நடந்தன. 1980களில்தான் 'மினி சீரிஸ்' என்னும் வடிவம் அங்கு உருவாயிற்று. பெயரே அமெரிக்கப் பெயர் என்பதை நோக்குக. 1977இல் அமெரிக்காவில் எட்டு இரவுகளில் காட்டப்பட்டு முடிந்த 'ரூட்ஸ்' போன்ற குறுந்தொடர்கள் இவ்வடிவத்துக்கு முன்னோடிகள். அமெரிக்கர்களும் முடிவுள்ள கதையை அறிந்தவர்களே! ஆனால் அவர்களிடம் சிறப்பு நிகழ்ச்சியாக இருந்ததைக் கொரியர்கள் வாரந்தோறும் வரும் வழக்கமாக்கினர். வாரத்துக்கு இரண்டு இரவுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், பதினாறு முதல் இருபது பகுதிகள், இரண்டே திங்களில் முடிவு என்பது அதன் பொதுவான அமைப்பாயிற்று.

மற்றொரு சட்டமும் இதற்குத் துணை செய்தது. கொரியாவின் தரைவழித் தொலைக்காட்சி நிலையங்கள் நிகழ்ச்சிக்கு இடையே விளம்பரம் செருகக்கூடாது என்ற தடை பல பத்தாண்டுகள் இருந்தது. 2021ஆம் ஆண்டு ஜூலையில்தான் அது நீங்கியது. விளம்பரம் நாடகத்துக்கு முன்னும் பின்னும் நின்றது. ஆகவே ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் ஒரு செயற்கைத் திடுக்கீட்டை அமைக்க வேண்டிய கட்டாயம் எழுத்தாளருக்கு இல்லை. ஒரு மணி நேரம் முழுவதும் அவர் கையில் இருந்தது. பெரும்பாலும் ஒரே எழுத்தாளர் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதினார். நாள்தோறும் ஒரு பகுதி வேண்டும் என்னும் அமெரிக்க நெடுந்தொடரைப் பலர் கூடித்தான் எழுத இயலும்.

இவ்வடிவத்தின் ஆற்றலை உணர்த்த இரண்டு நாடகங்களைக் கூறுகிறேன். 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எஸ்.பி.எஸ். நிலையம் 'மணற்கடிகாரம்' என்னும் நாடகத்தை ஆறே வாரங்களில் இருபத்து நான்கு பகுதிகளாக ஒளிபரப்பியது. சாங் ஜி-நா எழுதினார். கிம் ஜோங்-ஹாக் இயக்கினார். 1980ஆம் ஆண்டு மே மாதம் குவாங்ஜு நகரில் படையினர் மக்களைக் கொன்ற கொடுமை நெடுங்காலம் வெளிப்படையாகப் பேச இயலாததாக இருந்தது. அதனை இந்நாடகம் வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்தது. மக்கள் அதைப் பார்ப்பதற்காக விரைந்து வீடு சேர்ந்ததால், 'வீடு திரும்பும் கடிகாரம்' என்று அதற்கு வேடிக்கைப் பெயரும் உண்டாயிற்று. கதையின் முடிவில் அரசு வழக்கறிஞனாகிய ஒருவன் தன் உயிர் நண்பனுக்கே மரண தண்டனை கேட்கிறான். தண்டனை நிறைவேறுகிறது. இறந்தவன் மீண்டும் வரவில்லை. வரமாட்டான் என்று அறிந்ததனால்தான் பார்த்தவர் நெஞ்சு கனத்தது.

மற்றொன்று 2003 - 2004ஆம் ஆண்டுகளில் எம்.பி.சி. நிலையம் வெளியிட்ட 'தே ஜாங் கும்'. ஐம்பத்து நான்கு பகுதிகள் கொண்டது. பதினாறாம் நூற்றாண்டில் ஜுங்ஜோங் மன்னர் காலத்தில் ஜாங்கும் என்ற பெண் மருத்துவர் இருந்தார் என்று கொரிய அரச வரலாற்றுக் குறிப்புகள் சில வரிகளில் கூறுகின்றன. அச்சில வரிகளிலிருந்தே இப்பெருங்கதை வளர்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தியுடன் அமர்ந்து நான் இதை முழுவதும் பார்த்தேன். பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத்தக்க காட்சி ஒன்று அதில் உண்டு. அரண்மனைச் சமையற்கட்டில் ஹான் என்னும் ஆசிரியை, சிறுமி ஜாங்குமிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் எந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தாலும் ஏற்பதில்லை; மறுபடியும் கொண்டுவரச் சொல்கிறார். இறுதியில் சிறுமி, 'வயிறு வலிக்கிறதா? தொண்டை நோகிறதா?' என்று முதலில் கேட்கிறாள். அதற்கேற்ப உப்பிட்ட வெந்நீர் கொண்டுவந்து, மெல்ல அருந்துமாறு சொல்கிறாள். உண்பவரின் உடலை அறிந்தே உணவு அளிக்க வேண்டும் என்பது பாடம். பல பகுதிகள் கடந்தபின் அச்சிறுமி மருத்துவராகிறாள். அன்று தண்ணீருக்காகக் கேட்கக் கற்ற கேள்விகளே பின்னாளில் நோயாளியிடம் கேட்கும் கேள்விகள் அல்லவா! தொடக்கத்தில் விதைத்ததை இறுதியில் அறுக்கிறோம்.

ஆசிரியர்கள் பாடக்குறிப்பு எழுதும்போது, மணி அடிப்பதற்குள் மாணவன் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுவார்கள். முடிவு தெரிந்த பிறகே தொடக்கம் அமையும். நல்ல கதைக்கும் அதுவே முறை.

இத்தகைய நாடகங்கள் கடல் கடந்தும் சென்றன. 1997இல் சீனத் தொலைக்காட்சியில் 'காதல் என்பது என்ன' என்னும் கொரியக் குடும்ப நாடகம் வரவேற்பைப் பெற்றது. 2002இல் வந்த 'வின்டர் சொனாட்டா' மறு ஆண்டே ஜப்பானை அடைந்து, நடுத்தர வயதுப் பெண்களைப் பெரிதும் கவர்ந்தது. 'தே ஜாங் கும்' ஈரானிலும் இலங்கையிலும் அவ்வந்நாட்டு மொழிகளில் வந்தது. 2010களில் கொரிய நாடகங்கள் சில தமிழ்க்குரல் பெற்று நம் வீடுகளுக்கும் வந்தன. இருபது பகுதிகள் உள்ள கதையைப் பிறநாட்டார் முதற்பகுதியிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். ஐம்பது ஆண்டுக் கதைக்குள் புதிதாக நுழைவது எங்ஙனம்?

இதனால் கொரியாவில் எல்லாம் பொன் என்று கொள்ளவேண்டா. அங்கும் நூறு பகுதிகளைக் கடந்து செல்லும் நாள்தொடர்கள் உண்டு. பிறப்பின் மறைபொருள், பழிவாங்கல், நினைவு இழத்தல் என்று வரம்பு மீறிச் செல்லும் கதைகளை அந்நாட்டார் 'மக்ஜாங்' என்று கூறி எள்ளி நகையாடுவர். ஒளிபரப்பு நாளுக்கு அஞ்சி இரவெல்லாம் உறக்கமின்றிப் படம் பிடித்த கொடுமையும் அங்கே கண்டிக்கப்பட்டது. இடைவேளையில் நுழைய முடியாத வணிகர், 2010ஆம் ஆண்டு முதல் சட்டத்தின் அனுமதியுடன் காட்சிக்குள்ளேயே தம் பண்டத்தை வைத்தனர். கதாநாயகி காப்பி அருந்தும் கோப்பையில் கடையின் பெயர் தெரியலாயிற்று.

இன்று காட்சி மேலும் மாறிவிட்டது. பணம் கொடுப்பவர் சோப்பு வணிகர் அல்லர். திங்கள்தோறும் சந்தா பெறும் இணைய நிறுவனத்தார். 2021இல் ஒன்பது பகுதிகளாக வந்த 'ஸ்குவிட் கேம்' உலகப் புகழ் பெற்றது. உடனே அது மீண்டும் திறக்கப்பட்டு, 2024இல் இரண்டாம் பருவமும் 2025இல் மூன்றாம் பருவமும் வந்தன. ஒரு பகுதி முடிந்தவுடன் அடுத்தது தானே ஓடத் தொடங்குகிறது. தனிக்கதைக்கு முடிவு இருக்கலாம். கதைகளின் வரிசைக்கு முடிவில்லை. பழைய சலவைத்தூள் வணிகரின் ஆசை புதிய உடை உடுத்து வந்திருக்கிறது.

ஆதலின் மாணவர்களே, எந்நாட்டுக் கதை உயர்ந்தது என்று வாதாடுவதில் பயன் இல்லை. ஒரு கதையின் முன் அமரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பணம் கொடுப்பவர் யார்? இது எங்கே முடிகிறது? முதற்கேள்வி உங்கள் அறிவைக் காக்கும். இரண்டாவது கேள்வி உங்கள் காலத்தைக் காக்கும். முடிந்த கதை நம்மை விட்டுவிடுகிறது. விட்டபின் அதைப்பற்றி நாம் சிந்திக்கிறோம், விவாதிக்கிறோம், நம் வேலைக்குத் திரும்புகிறோம். முடியாத கதை நம்மை விடுவதில்லை. கதைக்கு அதனை எழுதியவர் முடிவு வைக்கவில்லையானால், பார்க்கும் நீங்களே ஒரு முடிவு வைத்து எழுந்து செல்லுங்கள். அவ்வுரிமையை எந்த வணிகரும் உங்களிடமிருந்து பறிக்க இயலாது.